தவளை ஊதாத மாவு

அந்தக் காலத்தில் மாவுக்குச் சொந்த மூச்சு கிடையாது. தவளை ஊதினால்தான் உண்டு.

இன்றைக்குச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் மாடும் மரமும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்த நாட்களில், கோதுமை மாவைப் பிசைந்த கையோடு யாரும் அடுப்படிக்குப் போனதில்லை. மாவைத் தாம்பாளத்தில் உருட்டி வைத்துக்கொண்டு குளத்துக்குத்தான் போனார்கள். கரையில் வரிசை நிற்கும். குளத்தின் நடுவே ஒரு கருங்கல். அந்தக் கல்லின் மேல் ஊதப்பர் உட்கார்ந்திருப்பார். ஊதப்பர் என்றால் தவளைதான். ஆனால் தவளை என்று அவர் காதுபட யாரும் சொல்லிவிட முடியாது. சொன்னால் அன்றைக்கு ஊர் முழுக்கப் பட்டினி.

முறை வந்ததும் தாம்பாளத்தை நீட்ட வேண்டும். ஊதப்பர் ஒரே தாவாகத் தாவி வந்து மாவின் மேல் உட்காருவார். வாயை மாவில் பதித்து ஊதுவார். உருண்டை மெல்ல மெல்ல உப்பும். இறங்கும்போது பாதத்தை ஓங்கி அழுத்திவிட்டுப் போவார். விரல் விரித்த அந்தத் தடம் இருந்தால்தான் அது சாப்பாடு. ஊதல் என்று அதற்குப் பெயர். நெருப்பில் வெந்து வந்ததும் முதல் ஊதல் ஊதப்பருக்குப் போகும். மீதிதான் பிள்ளைகளுக்கு.

சில நாள் அவருக்கு மனசு சரியிருக்காது. முகத்தைத் திருப்பிக்கொள்வார். சில நாள் பாதி ஊதிக்கொண்டிருக்கும்போதே கொட்டாவி விட்டுவிடுவார். அவ்வளவுதான், அந்த மாவு செத்துப்போயிற்று. அதற்குப் பெயர் பிணமாவு. அடுப்பில் வைத்தால் குடும்பம் விளங்காது என்பார்கள். ஊருக்கு மேற்கே பாறைச்சரிவில் ஒரு கள்ளி நின்றது. அதன் காலடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, தலைமுழுகி, ஈரச்சேலையோடு வீடு திரும்ப வேண்டும். பிள்ளைகள் வாசலில் காத்திருக்கும். அம்மா ஈரத்தலையோடு வருகிறாள் என்றால் இன்றைக்கு ஒன்றுமில்லை என்று அதுகளுக்குத் தெரியும். அழக்கூடச் செய்யாது. உள்ளே போய்ச் சுருண்டு படுத்துக்கொள்ளும்.

இன்னொரு சட்டமும் இருந்தது. பெயரில்லாத எதையும் வாயில் வைக்கக் கூடாது. பழமோ கிழங்கோ, முதலில் பெயரைச் சொல், பிறகு தின்னு. பெயர் தெரியாததைத் தின்று செத்தவர்கள் நிறையப் பேர் போலிருக்கிறது. அதனால் வந்த சட்டம்.

ஊரின் பெயர் கோணமேடு. மலைக் கணவாயின் உச்சியில் இருந்தது. நெல் விளையாத பூமி, கம்புகூட வேண்டாவெறுப்பாக வளரும் பூமி. வருஷத்துக்கு ஒருமுறை, அறுப்பு முடிந்த கையோடு, வடக்கிலிருந்து பொதிமாடுகள் கோதுமையும் உப்பும் சுமந்துகொண்டு கணவாய் ஏறும். உச்சிக்கு வந்ததும் பொதிக்காரர்கள் இளைப்பாறுவார்கள். ஊர் அவர்களுக்குச் சாப்பாடு போடும். மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும். அதற்கு ஈடாக அவர்கள் இறக்கி வைக்கிற கோதுமையிலும் உப்பிலும்தான் அடுத்த வருஷம் வரை கோணமேடு உயிரோடிருக்கும். மலையைத் தாண்ட வேறொரு வழியும் இருந்தது. கொஞ்சம் சுற்று. ஆனால் தண்ணீரும் சாப்பாடும் சேர்ந்து கிடைப்பது கோணமேட்டில்தான் என்பதால் மாடுகள் இந்தப் பக்கம் ஏறின.

தண்ணீர் என்றால் அங்காயியின் கிணறு. அங்காயியும் அவள் புருஷன் சடையனும் பாறையை உடைத்து வெட்டிய கிணறு அது. கோடைக்குக் கோடை வெட்டினார்கள். ஊர் சிரித்தது. பாறையில் தண்ணீர் தேடுகிறவன் கோழியிடம் பால் கறப்பான் என்றது. ஒருநாள் கடப்பாரை முனையில் ஈரம் தெரிந்தது. சடையன் அந்த ஈரத்தை விரலால் தொட்டு அங்காயியின் நெற்றியில் வைத்தான். சொல்லி வைத்தாற்போல அந்த மாதமே நெஞ்சில் கல்தூசி அடைத்துச் செத்துப்போனான். தண்ணீர் இறைக்கும்போதெல்லாம் அங்காயி உள்ளே எட்டிப் பார்ப்பாள். உள்சுவர் நெடுக அவன் கடப்பாரை வைத்த வடுக்கள் இருக்கும். வாளி இறங்கும், ஏறும்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. குளம் வற்றி வற்றி, ஊதப்பரின் கருங்கல்லே கரையேறி உட்கார்ந்துவிட்டது. கல்லைச் சுற்றிச் சேறுதான். ஊதப்பர் அந்தச் சேற்றில் முதுகை நனைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு காலை, மலையடிவாரத்தில் புழுதி எழுந்தது. பொதிமாடுகள் வந்துவிட்டன. உச்சிப்பொழுதுக்குள் மேலே வந்து சேரும். ஊர் முழுக்க இருந்த கடைசிக் கோதுமையை ஒன்றாகத் திரட்டி அரைத்து, பிசைந்து, பெரிய தாம்பாளத்தில் வைத்து அங்காயியின் தலையில் ஏற்றினார்கள். அவள் கூடவே நாத்தனார் ராக்கு வந்தாள். ராக்கு சடையனின் தங்கை. வாய் நீளம், கை சோம்பல், மனசு மட்டும் வஞ்சகமில்லாதது.

ஊதப்பர் தாம்பாளத்தைப் பார்த்தார். தாவவில்லை.

"அங்காயி, என் குளத்தைப் பார்த்தாயா?"

"பார்த்தேன் சாமி. மழை வந்துரும்."

"வரும் வரைக்கும் நான் கருவாடாய்க் காயட்டுமா? உன் கிணற்றை எனக்குக் கொடு."

அங்காயிக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. "இதுக்கா இவ்வளவு கவலை? தாராளமா வாங்க சாமி. ஆழமான கிணறு. ஒரு பொந்துல நீங்க இருந்துக்கிட்டா யாருக்கு என்ன நஷ்டம்?"

"பொந்திலா!" ஊதப்பரின் கண்கள் இன்னும் கொஞ்சம் வெளியே வந்தன. "ஊருக்கே மூச்சு கொடுக்கிறவன் பொந்தில் ஒண்டுவானா? கிணறு முழுதும் எனக்கு. என் தலைக்கு மேல் வாளி இறங்கக் கூடாது. கயிறு தொங்கக் கூடாது. எட்டிப் பார்க்கவும் கூடாது."

"வாளி இறங்காத கிணறு வெறும் குழிதானே சாமி? மாடுகளுக்குத் தண்ணி?"

"அது உன் பாடு. சரி என்று ஒரு வார்த்தை சொல், ஊதுகிறேன். இல்லையென்றால் உன் மாவை உன் கள்ளிக்கே கொண்டுபோ."

கேட்காமல் ஒருவர் இடத்துக்குள் இன்னொருவர் போகக் கூடாது என்பது அப்போது எல்லா உயிருக்கும் பொதுவான கட்டுப்பாடு. அதனால்தான் ஊதப்பர் கேட்டார். இல்லையென்றால் எப்போதோ குதித்திருப்பார்.

அங்காயி நின்றாள். கிணற்றைக் கொடுத்தால் மாடுகளுக்குத் தண்ணீரில்லை. கொடுக்காவிட்டால் மனிதருக்குச் சாப்பாடில்லை. எது இல்லாமல் போனாலும் பொதிமாடுகள் அடுத்த வருஷம் சுற்றுவழியில் போய்விடும். கோணமேட்டில் அதன்பிறகு ஈரத்தலைகள்தான் மிஞ்சும்.

ராக்கு அவள் முழங்கையை இடித்தாள். "மதினி, சரின்னு சொல்லிரு. வயித்துக்கு இன்னைக்கு வழி பண்ணு. தண்ணிக்கு நாளைக்கு யோசிப்போம்."

"உங்க அண்ணன் நெஞ்சைக் கொடுத்து வெட்டுன கிணறுடி அது."

"எனக்குத் தெரியாதா? செத்துப்போனவன் குடிக்கவா போறான்? இருக்கிறவங்க சாப்பிடணும்ல?"

அங்காயி தாம்பாளத்தைத் தலையில் ஏற்றினாள். ஊதப்பரைப் பார்த்து, "கிணறு தர மாட்டேன் சாமி" என்றாள். குரலை உயர்த்தவில்லை. வாசலில் வந்த வளையல்காரனிடம் இன்றைக்கு வேண்டாம் என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

ஊதாத மாவை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதே. மேற்கே சரிவுக்குத்தான் போனாள். ராக்கு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு, முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தாள்.

அந்தக் காலத்துக் கள்ளியை நீங்கள் பார்த்தால் அடையாளம் தெரியாது. முள்ளே கிடையாது. கைகள் சுரைக்காய் மாதிரி உருண்டு திரண்டிருக்கும். தலைமுறை தலைமுறையாய் ஊர்ப்பெண்கள் காலடியில் வந்து அழுததைக் கேட்டுக் கேட்டு அது பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தது. ஆனால் அன்றைக்கு அங்காயி தாம்பாளத்தை இறக்கி வைத்து, அழாமல், வெறும் கையால் மண்ணைத் தோண்ட ஆரம்பித்ததும் அதற்கு மனசு கேட்கவில்லை.

"தோண்டாதே அங்காயி. இது சாகவில்லை."

அங்காயி நிமிர்ந்தாள்.

"இதுவரைக்கும் இங்கே புதைத்த எதுவுமே சாகவில்லை" என்றது கள்ளி. "எனக்கே போன கோடையில்தான் தெரிந்தது. யாரோ ஒருத்தி மாவைப் புதைக்காமல் அப்படியே பாறையில் விட்டெறிந்துவிட்டுப் போனாள். வழியில் வந்த மாடு அதை மிதித்தது. இலை மாதிரித் தட்டையாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் சருகில் தீப்பிடித்து அந்தப் பாறை வரைக்கும் வந்தது. தீ தொட்டதும் அது மூச்சு வாங்கியது. யாரும் ஊதவில்லை. தானாகவே எழுந்தது. இந்த இரண்டு கண்ணால் பார்த்தேன்."

"உனக்கு ஏது கண்ணு?" என்றாள் ராக்கு.

"இருந்தது என்று வைத்துக்கொள். புதைக்காமல் எறிந்துவிட்டுத் தலைமுழுகாமல் வீட்டுக்குப் போனவள் யார் என்றும் பார்த்தேன். சொல்லட்டுமா?"

ராக்கு மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வானத்தைப் பார்த்தாள். "அன்னைக்குக் காலு வலி மதினி" என்றாள்.

அங்காயிக்குக் கோபப்பட நேரமில்லை. ஊரே பிணம் என்று சொன்னதை அடுப்பில் வைப்பது சின்னக் காரியமா? தவறிப்போனால் ஊர் அவளைத்தான் புதைக்கும். சரிவின் விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தாள். புழுதி பாதி மலை ஏறியிருந்தது.

"ராக்கு, இங்கேயே அடுப்பு மூட்டு."

"பிணமாவையா சுடப்போறே?"

"கள்ளி பொய் சொல்லுதுன்னா நீ அன்னைக்குப் புதைச்சேன்னு அர்த்தம். புதைச்சியா?"

ராக்கு சுள்ளி பொறுக்கப் போனாள்.

மூன்று கல் கூட்டி, மேலே ஒரு தட்டைக் கல்லை வைத்தார்கள். நெருப்பு பிடித்தது. அங்காயி ஒரு உருண்டையைப் பிடுங்கி உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினாள். மாவு விரலில் ஒட்டியது. கல்லில் போட்டாள். ஓரம் கருகி, நடு வேகாமல், கல்லோடு கல்லாக உட்கார்ந்துவிட்டது. எழவில்லை.

"நான் சொல்லல?" என்றாள் ராக்கு.

"தடிப்பு ஜாஸ்தி" என்றது கள்ளி. "மாட்டின் மிதி அங்காயி, மாட்டின் மிதி. உன் கை கெஞ்சுகிறது. கெஞ்சினால் மாவு கேட்காது. இந்தா, என் கையில் வைத்து அடி."

உருண்டையான தன் கையை அவள் முன்னால் நீட்டியது.

"உனக்கு வலிக்காதா?"

"இத்தனை தலைமுறையாய் உங்கள் அழுகையைக் கேட்டேனே, அதைவிடவா வலிக்கப்போகிறது? அடி."

அங்காயி மாவைக் கள்ளியின் கைமேல் வைத்து ஓங்கி அறைந்தாள். சப். மாவு விரிந்தது. எடுத்து மறுபக்கம் திருப்பி அடித்தாள். பாத். இன்னும் விரிந்தது. காய்ந்த கல்லில் வீசினாள். த்தி என்று சீறி விழுந்தது.

மாவு கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. மேலே சின்னச் சின்னக் கொப்புளங்கள் தோன்றின. திருப்பிப் போட்டாள். மறுபடி சும்மா கிடந்தது. அங்காயி தன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் நடந்தது. ஒரு ஓரத்தில் மெல்ல எழுந்தது, பக்கத்தில் பரவியது, நடுவுக்கு வந்தது. பிறகு முழுவதும் ஒரே மூச்சில் எழுந்து, தூங்கி விழித்த குழந்தையின் கன்னம் மாதிரி, உப்பி நின்றது.

"ஐயோ மதினி, பிணம் மூச்சு விடுது!" என்று அலறி ராக்கு பின்னால் விழுந்தாள்.

அங்காயி சிரித்தாள். சடையன் போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்துக்கொண்டே அடுத்த உருண்டையை எடுத்தாள். சப், பாத், த்தி. அடுத்தது. சப், பாத், த்தி. கள்ளியின் ஒரு கை தட்டையாகிப் போனதும் அது மறு கையை நீட்டியது. அதுவும் தட்டையானதும் இன்னொரு கை. மலை முழுக்க அந்தச் சத்தம் எதிரொலித்தது. ஊர்ச்சனம் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தது. கல்லில் ஒவ்வொன்றாக எழுந்து நிற்பதைப் பார்த்து வாயடைத்து நின்றது. வாயடைத்தாலும் நின்றுகொண்டேயிருக்க முடியுமா? ஒருத்தி சுள்ளியை அடுப்புக்குள் தள்ளிவிட்டாள். ஒருத்தி வெந்ததை அடுக்கினாள். ராக்குகூட எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு மாவு உருட்ட உட்கார்ந்தாள்.

உச்சிப்பொழுதில் பொதிமாடுகள் மேலே வந்தன. பொதிக்காரர்களின் தலைவர் வேலாண்டி, தலையில் பெரிய முண்டாசும் இடுப்பில் கோணி ஊசியுமாய் முன்னால் வந்தார். எல்லாருக்கும் கண் பசியில் உள்ளே போயிருந்தது. மாடுகள் நேரே கிணற்றடித் தொட்டிக்குப் போய் வாயை வைத்தன. ஆட்கள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அங்காயி முதலாவதை இலையில் வைத்து வேலாண்டியிடம் நீட்டினாள்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தாயி, ஊதப்பர் தடத்தைக் காணோமே?"

"அவர் ஊதலைண்ணே."

"ஊதலையா?" இலையைக் கீழே வைத்துவிட்டார். "அப்போ இது என்ன?"

கூட்டத்தில் ஒரு கிழவன் மெதுவாகத்தான் சொன்னான். ஆனாலும் எல்லார் காதிலும் விழுந்தது. "பிணமாவு."

உட்கார்ந்திருந்த பொதிக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். ஒருவன் காறித் துப்பினான். வேலாண்டி கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "வேண்டாம் தாயி. கோபிச்சுக்காதே. வழியில போறவங்க நாங்க. எழவு வீட்டுச் சாமானைச் சாப்பிட்டு மலை இறங்க முடியாது. டேய், மாட்டைக் கட்டுங்கடா."

"எழவு வீடு இல்லைண்ணே. பாருங்க, உயிரோட எழுந்து நிக்குது!"

"நிக்குது சரி. பேரு என்ன? சொல்லு பார்ப்போம்."

அங்காயி வாயைத் திறந்தாள். பெயர் இருந்தால்தானே வரும்? ஊதல் இல்லை இது. பிணமாவும் இல்லை. இதுவரைக்கும் உலகத்தில் இல்லாத ஒன்றுக்குப் பெயரை எங்கே போய்த் தேடுவது?

அந்த நேரம் பார்த்துச் சேற்றிலிருந்து எழுந்து தாவித் தாவி ஊதப்பரும் வந்து சேர்ந்தார். முதுகெல்லாம் காய்ந்து வெடித்திருந்தது. ஆனால் குரலில் ஈரம் குறையவில்லை.

"பெயரில்லாததைத் தின்னாதீர்கள், பிள்ளைகளே! அங்காயி, இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கிணற்றுக்குச் சரி என்று சொல். இத்தனையிலும் பாதம் பதித்துத் தருகிறேன். ஊதல் என்று பெயரும் தருகிறேன்."

ஊர் அவளைப் பார்த்தது. ராக்கு பார்த்தாள். ஒரு வார்த்தைதான். சொல்லிவிட்டால் முடிந்தது. அங்காயியின் பார்வை கிணற்றடிக்குப் போனது. தொட்டியில் மாடுகள் கண்ணை மூடிக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தன. சடையன் விரல் தொட்ட தண்ணீர் அது.

"மாட்டேன்" என்றாள்.

அப்போது தொட்டியிலிருந்து ஒரு காளை தலையைத் தூக்கியது. கூட்டத்துக்கே முன்னோடி அது, மயிலைக் காளை. தாடையில் தண்ணீர் சொட்டச் சொட்ட நடந்து வந்து வேலாண்டிக்கும் அங்காயிக்கும் நடுவில் நின்றது.

"அதுக்கா பேரில்ல?" என்றது. "மலைக்குக் கீழே வரைக்கும் கேட்டுச்சே அதோட பேரு!"

"நீ என்னடா உளறுறே?" என்றார் வேலாண்டி.

"கடைசி ஏத்தத்துல என் காலு மடங்கினது உனக்கு ஞாபகம் இருக்கா, இல்ல சாட்டையைத் தேடுற அவசரத்துல மறந்துட்டியா? இனி எந்திரிக்க மாட்டேன்னுதான் நானும் நெனச்சேன். அப்போ மேலேருந்து கேட்டுச்சு. சப், பாத், த்தி. அந்தத் தாளத்துக்கு ஒரு காலை எடுத்து வச்சேன். மறுபடி சப்பாத்தி. இன்னொரு கால். எனக்குப் பின்னாடி வந்த மாடெல்லாம் அந்தச் சத்தத்துக்குத்தான் கால் வச்சுது. சப்பாத்தி, சப்பாத்தின்னு சொல்லிக்கிட்டேதான் இந்த மலையை ஏறினோம். நாங்க மட்டுமில்ல, வேலாண்டி, நீயுந்தான் முணுமுணுத்துக்கிட்டே வந்தே. இல்லைன்னு சொல்லு!"

வேலாண்டி முண்டாசை அவிழ்த்துத் தலையைச் சொறிந்தார். பின்னாலிருந்த ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் உதடுகளிலும் அது இருந்தது. ஏற்றத்தில் மூச்சிரைக்க வந்தவன் ஒவ்வொருவனும் தன்னையறியாமல் அதைச் சொல்லியிருந்தான்.

"சப்பாத்தி" என்றார் வேலாண்டி, வாயில் போட்டுப் பார்க்கிற மாதிரி.

"செத்ததுக்கு ஏது சத்தம்?" என்றது மயிலை. "நம்மளை மேலே இழுத்துட்டு வந்ததே அதுதான். சாப்பிடு."

வேலாண்டி உட்கார்ந்தார். இலையை எடுத்தார். ஒரு துண்டு பிய்த்தார். உள்ளேயிருந்து ஆவி குபீரென்று வந்து அவர் முகத்தில் அடித்தது. வாயில் போட்டு மென்றார். எல்லாரும் அவர் தாடையையே பார்த்தார்கள். மென்று விழுங்கிவிட்டு அவர் சொன்னது ஒரே வார்த்தை.

"இன்னொண்ணு."

அப்புறம் என்ன! ஆளாளுக்குப் பாய்ந்தார்கள். பெண்கள் கூவிக்கொண்டே தட்டினார்கள். வாசலில் காத்துக் கிடந்த பிள்ளைகள் எழுந்து ஓடிவந்து இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டு ஓடின. அன்றைக்கு அந்த ஊரில் யார் தலையும் ஈரமில்லை.

ஊதப்பரால் தாங்க முடியவில்லை. "இதுவும் ஒரு உப்பலா? நான் உப்புகிறேன் பார்!" என்று அடுப்பின் முன்னால் வந்து உட்கார்ந்தார். கல்லில் ஒரு சப்பாத்தி எழுந்தது. அவரும் தொண்டையை உப்பினார். அது இன்னும் எழுந்தது. அவர் இன்னும் உப்பினார். பிள்ளைகள் கைதட்டின. சப்பாத்தியைக் கல்லிலிருந்து எடுத்துவிட்டார்கள், பிய்த்துத் தின்றும்விட்டார்கள். ஊதப்பரின் தொண்டை மட்டும் உப்பியது உப்பியபடியே நின்றுவிட்டது. பேச வாயெடுத்தால் 'கர்ர்க்' என்று ஒரு சத்தம்தான் வந்தது.

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. அங்காயி சிரிக்கவில்லை. வெடித்துப்போன அந்த முதுகைப் பார்த்தாள். ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் மேல் மெல்லச் சாய்த்தாள்.

"வாங்க சாமி. கிணறு ஆழமாத்தான் இருக்கு. இருந்துக்கங்க. ஆனா வாளி இறங்கும். இறங்கும்போது நீங்கதான் ஒதுங்கணும்."

ஊதப்பர் தாவித் தாவிப் போய்க் கிணற்றுக்குள் குதித்தார். சடையனின் கடப்பாரை வடு ஒன்றில் அவர் உடம்பு கச்சிதமாகப் பொருந்தியது. இன்றைக்கும் எந்தக் கிணற்றில் வாளியை இறக்கினாலும் சுவரோரம் ஒரு தவளை ஒதுங்கிக்கொள்ளும், பார்த்திருப்பீர்கள். மழைநாளில் தொண்டையை உப்பிக் கத்துவதும் அந்தப் பழைய போட்டியில் ஜெயித்துவிடலாம் என்கிற எண்ணத்தில்தான்.

எல்லாரும் ஊதப்பரின் பின்னால் கிணற்றடிக்குப் போயிருக்க, சரிவில் ஒரு கூக்குரல். "ஐயோ, அங்காயி! என்னைக் காப்பாற்று!"

ஓடிப் போய்ப் பார்த்தால், தண்ணீர் குடித்துவிட்டு வந்த மாடுகள் கள்ளியைச் சூழ்ந்து நின்றன. அடிபட்டுத் தட்டையான அதன் கைகளைப் பார்த்து, "இதுவும் சப்பாத்திதான், இது பச்சைச் சப்பாத்தி" என்று கடிக்க ஆரம்பித்திருந்தன. மயிலைக் காளையின் வாயிலேயே ஒரு துண்டு தொங்கியது.

"பேர் வச்ச வாயாடா இது!" என்று அதன் மூக்கில் ஒன்று வைத்தாள் ராக்கு.

அங்காயி வேலாண்டியிடம் திரும்பினாள். "அண்ணே, சாப்பாட்டுக்கு ஈடா இந்தத் தடவை கோதுமையில கொஞ்சம் குறைச்சுக்கங்க. எனக்கு ஊசி வேணும்."

"ஊசியா?"

"கோணி தைக்கிறீங்களே, அது. உங்ககிட்ட இருக்கிறது அத்தனையும்."

வேலாண்டி இடுப்பிலிருந்த ஊசியை உருவித் தந்தார். ஒவ்வொரு பொதிக்காரனும் தந்தான். கோதுமையில் ஒரு பிடிகூடக் குறைக்கவில்லை. மேலேதான் போட்டார்கள். ராக்கும் அங்காயியும் உட்கார்ந்து, கள்ளியின் தட்டைக் கைகளில் ஊசிகளைக் கொத்துக் கொத்தாகச் செருகினார்கள். இருட்டுவதற்குள் கள்ளி படைக்கலம் பூண்ட ராணி மாதிரி நின்றது. மாடுகள் எட்டத்தில் நின்று மரியாதையாகப் பார்த்தன.

சப்பாத்திக் கள்ளி என்று அதற்குப் பெயர் ஆனது அப்படித்தான். அதன் காலடியில் அதற்குப் பிறகு யாரும் குழி தோண்டவில்லை. பொதிமாடுகள் சுற்றுவழியில் போகவுமில்லை. மலையின் இரண்டு பக்கமும் அவர்கள் போன ஊரெல்லாம் அந்தப் பெயரைக் கொண்டுபோனார்கள். எழுத்தாகக் கொண்டுபோகவில்லை, கைத்தட்டலாகக் கொண்டுபோனார்கள்.

அங்காயி அடித்த அந்த முதல் அடியில் தொடங்கியதுதான்: எந்த ஊரானாலும், எந்தச் சாலையோரமானாலும், பசித்து வருகிறவனின் காதுக்கு முதலில் பெயர் வந்து சேருகிறது, அப்புறம் வாசனை வருகிறது, அதற்கும் அப்புறம்தான் சப்பாத்தி.